அப்பாவின் கட்டை விரலும் ஒரு குட்டிக் கப்பலும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பரண்ல இருந்த ஒரு தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய பத்திரங்கள், அப்பாவோட மூக்குக் கண்ணாடி, அதுக்கு அடியில ஒரு நோக்கியா 3310. 2017ல பழைய நினைவைக் காசாக்க வந்தாங்களே, அந்தப் புது 3310 இல்ல. 2000ல வந்த ஒரிஜினல்.

காரைக்குடி செக்காலை ரோட்டுல ஒரு செல்போன் ரிப்பேர் கடைத் தம்பிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். "சார், இதை மியூசியத்துக்குக் குடுங்க"ன்னு சிரிச்சார். ஆனா ரெண்டே நாள்ல எங்கேயோ பேட்டரி தேடிப் பிடிச்சு மாட்டிட்டார். ரெண்டு கை குலுக்குற அந்தப் படம் திரையில வந்ததும் கடையில நின்ன நாலு பேரும் எட்டிப் பார்த்தாங்க.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மெனு. கேம்ஸ். ஸ்பேஸ் இம்பாக்ட்.

இது நீளமான த்ரெட் மக்களே. ஒரு சின்ன கேமோட வரலாறு, கூடவே எங்க வீட்டுக் கதை கொஞ்சம், மருத்துவம் கொஞ்சம். ஓபி முடிஞ்சு சாப்பிட்ட பிறகு நிதானமா படிங்க.

2000க்கு அப்புறம் பிறந்தவங்களுக்காகச் சொல்றேன். திரையோட இடது ஓரத்துல ஒரு குட்டிக் கப்பல் இருக்கும். வலது பக்கத்துல இருந்து எதிரிகள் வந்துக்கிட்டே இருப்பாங்க. நீங்க மேல கீழ நகர்ந்து தப்பிக்கணும், சுடணும். நடுவுல லேசர், ஏவுகணை மாதிரி கூடுதல் ஆயுதம் கிடைக்கும். ஒவ்வொரு லெவல் முடியும்போதும் ஒரு பெரிய எதிரி. அவனை அடிச்சா அடுத்த லெவல். மொத்தம் எட்டு லெவல். முடிஞ்சது கதை.

இந்த வகைக்குப் பேரு சைட் ஸ்க்ரோலிங் ஷூட்டர். அதாவது பக்கவாட்டுல உலகம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், நாம சுட்டுக்கிட்டே போகணும். நம்ம ஊர் டிவி கேம் கேசட்ல காண்ட்ரா விளையாடினவங்களுக்கு இது புரியும். அது தரையில ஓடிச் சுடுறது, இது பறந்து சுடுறது.

இந்த வம்சாவளி எங்க தொடங்குது? 1962ல அமெரிக்காவோட எம்.ஐ.டி.ல ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கம்ப்யூட்டர்ல ஸ்பேஸ்வார்னு ஒண்ணு எழுதினாங்க. ரெண்டு கப்பல் ஒண்ணையொண்ணு சுட்டுக்கும். விக்கிறதுக்காக எழுதினது இல்ல, ஆசைக்கு எழுதினது. இன்னைக்கு "இண்டி கேம்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, பெரிய கம்பெனி இல்லாம தனியாளோ நாலு பேரோ சேர்ந்து செய்யறது. அந்த அர்த்தத்துல பார்த்தா சுடுற கேம்களோட கொள்ளுத்தாத்தாவே இண்டிதான்.

அப்புறம் 1978ல ஜப்பானோட டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செஞ்சார். படம் வரைஞ்சது, புரோகிராம் எழுதினது, அது ஓடுறதுக்கான எலக்ட்ரானிக் போர்டு வடிவமைச்சது எல்லாமே கிட்டத்தட்ட அவர் ஒருத்தர்தான். அதுல ஒரு வேடிக்கை இருக்கு. எதிரிகள் குறையக் குறைய மீதி இருக்கிறவங்க வேகமா வருவாங்க. இது யோசிச்சு வச்ச தந்திரம் இல்ல. அந்தச் சிப்புக்கு அத்தனை எதிரியையும் ஒரே நேரத்துல வரையத் தெம்பு இல்ல. நாலு பேரைச் சுட்டதும் அதுக்குப் பாரம் குறைஞ்சுடும், மீதிப் பேரை வேகமா வரைஞ்சுடும். நிஷிகாடோ அதைத் திருத்தாம அப்படியே விட்டுட்டார். கருவியோட பலவீனமே விளையாட்டோட ருசியா மாறிப்போச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருவோம்.

1981ல யூஜீன் ஜார்விஸோட டிஃபெண்டரும் கொனாமியோட ஸ்க்ராம்பிளும் வந்து கப்பலைப் பக்கவாட்டுல பறக்க விட்டாங்க. 1985ல கொனாமி கிரேடியஸ் கொண்டுவந்தாங்க. அடுத்த வருஷம் அதை வீட்டுல விளையாடுற மெஷினுக்கு மாத்தின கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு கேம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம். சோதிச்சுப் பார்க்கவே முடியல. அதனால தனக்காக ஒரு குறுக்கு வழி வச்சார். மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ. காண்ட்ராவுல முப்பது உயிர் வாங்கக் கோடை லீவுல நாம மந்திரம் மாதிரி அமுக்கினது இதையேதான். ஹாஷிமோட்டோ 2020ல காலமானார். காரைக்குடியில டிவி முன்னாடி உட்கார்ந்து அவருக்குக் கடன்பட்ட பிள்ளைங்க எத்தனையோ பேர், அவர் பேரே தெரியாம.

இந்த நேரத்துல எங்க ஆளுங்களும் களத்துக்கு வந்துட்டாங்க, வியாதிக்குப் பேர் வைக்கத்தான். 1981லயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல "ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மணிக்கட்டு"னு ஒரு கடிதம் வந்தது. விளையாடி விளையாடி மணிக்கட்டு வலி. 1990ல அதே பத்திரிகையில "நிண்டெண்டினைட்டிஸ்". முப்பத்தஞ்சு வயசு அம்மா ஒருத்தர், பிள்ளைக்கு வாங்கின கேமை அஞ்சு மணி நேரம் இடைவிடாம விளையாடி, கட்டை விரல் வலியோட வந்து நின்னாங்க. கேமும் கட்டை விரலும் மருத்துவப் பத்திரிகையில சேர்ந்து வந்தது இப்படித்தான், நோயாளியா. எங்க வீட்டுல அது வேற மாதிரி சேர்ந்துச்சு.

3310ஐ நோக்கியா அறிவிச்சது 2000 செப்டம்பர் 1ஆம் தேதி. உலகம் முழுக்க 12 கோடியே 60 லட்சம் வித்தது. திரை 84க்கு 48 புள்ளி. பெருக்கினா 4032. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா இருக்கலாம், இல்லைன்னா சும்மா இருக்கலாம், அவ்வளவுதான். இன்னைக்கு உங்க கையில இருக்கிற சாதாரண போன்ல 1080க்கு 2400னு வச்சுக்கிட்டா 25 லட்சத்து 92 ஆயிரம் புள்ளி. கிட்டத்தட்ட 640 மடங்கு.

அந்த 4032 புள்ளிக்குள்ள கப்பல், எதிரி, குண்டு, மிச்ச உயிர், ஸ்கோர் எல்லாம் அடங்கணும். அதனால ஒவ்வொரு எதிரிக்கும் கொஞ்சம் புள்ளிதான். நம்ம வீட்டு வாசல்ல அப்பத்தா நாலு புள்ளி வச்சு ஒரு இழை இழுத்தா மீன் தெரியும்ல, அந்த மாதிரி.

அதே 3310ல பாண்டுமினு இன்னொரு கேமும் உண்டு. நிறைய பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டீங்க. திறந்திருந்தா சட்டுனு கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆப்பிரிக்காவுல மங்காலானு சொல்ற விளையாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம பல்லாங்குழியோட ஒண்ணு விட்ட சகோதரி. ஃபின்லாந்துக்காரன் செஞ்ச போன்ல பல்லாங்குழி! எங்க அப்பத்தா அதைப் பார்த்துட்டுச் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "என்னடா இது, பக்கத்துக்கு ஆறு குழிதான் வச்சிருக்கான்? ஏழாவது எங்க? பசு எடுக்க விட மாட்டேங்கிறான். போற வழியில தன் குதிருக்குள்ள ஒண்ணு போட்டுக்கிறான் பாரு, கஞ்சப் பய." (நம்ம பல்லாங்குழியில ஒரு குழியில நாலு முத்து சேர்ந்தா பசு. தெரியாதவங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க.)

இந்த போன் எங்க வீட்டுக்கு வந்தது 2003ல. அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது. அந்த வருஷத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1995 ஜூலை 31ல கல்கத்தாவுல இருந்து ஜோதிபாசு டெல்லிக்குப் பேசினதுதான் இந்தியாவோட முதல் செல்போன் அழைப்பு. ஆனா அடுத்த பல வருஷத்துக்கு, யாராவது நம்மைக் கூப்பிட்டாக்கூட நம்ம காசுதான் போகும். 2003 மே மாசம்தான் கூப்பிடுறவரே பணம் கட்டுறதுன்னு மாறி, இன்கமிங் இலவசம் ஆச்சு. அதுக்கு அப்புறம்தான் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்னு சாதாரண வீட்டுக்குள்ள செல்போன் நுழைஞ்சது. அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட்டோட, நம்ம ஊர் தூசிக்கும் வியர்வைக்கும் தாங்குற கீபேடோட. உலகத்துல 25 கோடிக்கு மேல வித்த போன். அதுலயும் ஸ்பேஸ் இம்பாக்ட் இருந்துச்சு.

ஒரு தலைமுறை இந்தியர்கள் வாழ்க்கையில முதல்முதலா தொட்ட வீடியோ கேம் இதுதான்னு தாராளமா சொல்லலாம். கேம் வாங்கப் போனவங்க இல்ல அவங்க. போன் வாங்கினாங்க, உள்ள கேம் இருந்துச்சு.

2006ல நோக்கியா ஸ்ரீபெரும்புதூர்லயே ஃபேக்டரி திறந்தது. உச்சத்துல சுமார் எட்டாயிரம் பேர் நேரடி வேலையில. பெரும்பாலும் இருபதுகள்ல இருந்த பெண்கள். தென் மாவட்டங்கள்ல இருந்தும் பிளஸ் டூ முடிச்ச கையோட பஸ் ஏறினவங்க உண்டு. அப்புறம் வருமான வரி வழக்கு. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்ப இந்த ஃபேக்டரி மட்டும் அந்தக் கணக்குல சேரல. 2014 நவம்பர் 1ல உற்பத்தி நின்னுச்சு. ஒரு பெரிய நிறுவனம் எட்டு வருஷத்துல வந்து போன கதை இது. தனியா எழுத வேண்டிய விஷயம், இங்க விட்டுடறேன்.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம்.

2004 ஆகஸ்ட். நான் மதுரையில எம்பிபிஎஸ் கடைசி வருஷம். அப்பாவுக்கு வயசு 54. காரைக்குடியில ஒரு பாத்திரக் கடையில கணக்குப்பிள்ளை. முப்பது வருஷமா பேரேடு எழுதின கை. எழுத்து அச்சு மாதிரி இருக்கும். காலையில எந்திரிச்சப்ப வலது கை தூக்க முடியல, வாய் கோணிடுச்சு. வாதம் அடிச்சிருச்சுன்னு யாரோ எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்காங்க. கூட்டிக்கிட்டு மதுரை வந்து சேரும்போது சாயங்காலம்.

இங்க ஒரு நிமிஷம் டாக்டரா பேசிக்கிறேன். பக்கவாதத்துல ரத்தக்குழாய் அடைப்புன்னா, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும். முகம் கோணுதா, கை விழுதா, பேச்சு குழறுதா, உடனே சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. எண்ணெய், புறா ரத்தம், பச்சிலை எதுக்கும் நிக்காதீங்க. அப்பாவுக்கு அந்த நேரம் கடந்து போயிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஐசியூவுக்கு வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். உள்ள என்ன நடக்குதுன்னு பாதி தெரிஞ்ச நிலைமை இருக்கே, அது முழுசா தெரியாததை விட மோசம். அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தார். கையில இந்த 3310. சார்ஜர் காரைக்குடியில. பேட்டரியில மூணு கோடு.

தூக்கம் வராம ஸ்பேஸ் இம்பாக்ட்டைத் திறந்தேன். மூணாவது லெவல்ல செத்தேன். திரும்ப ஆரம்பிச்சேன். நாலாவதுல செத்தேன். அந்தச் சின்னத் திரையில ஒரு எதிரி வரான், சுடுறேன், அடுத்தவன் வரான். ஐசியூ கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கப்பல் எங்கேயோ போய் இடிச்சுக்கும். ஒரு கட்டத்துல பேட்டரி ரெண்டு கோட்டுக்கு வந்துடுச்சு. அண்ணன் கூப்பிடும்போது போன் செத்துட்டா என்ன பண்றது? அணைச்சு வச்சாலும் போன் வராது. கேமை மூடிட்டுப் போனை உள்ளங்கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

(பேட்டரின்னதும் ஒண்ணு. நம்ம காரைக்குடிக்கும் பேட்டரிக்கும் பழைய உறவு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல திறந்த சிக்ரி, மின்வேதியியல் ஆராய்ச்சிக்குன்னே இருக்கிற நிறுவனம். பேட்டரி ஆராய்ச்சி அங்க முக்கியமான வேலை. பேட்டரி ஊர்க்காரன் சார்ஜர் இல்லாம உட்கார்ந்திருந்தேன்.)

மூணரை மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். "அப்பா எப்படி இருக்காகடா?" பேசி முடிக்கிற வரைக்கும் போன் தாங்குச்சு.

அப்பா பிழைச்சுக்கிட்டாக. நடை வந்துடுச்சு, பேச்சு கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சது. ஆனா வலது கை வரல. குறிப்பா கட்டை விரல். பேனாவைப் பிடிக்கணும்னா கட்டை விரல் மத்த விரலுக்கு எதிரே வந்து நிக்கணும். அது வரல.

மூளையில கைக்குன்னு ஒரு வரைபடமே இருக்கு. கனடாவுல இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1937ல வெளியிட்டது. முழு முதுகுக்கும் காலுக்கும் கொடுத்த இடத்தை விடக் கைவிரல்களுக்கு மூளை கொடுத்த இடம் அதிகம், அதுல கட்டை விரலுக்குத் தனி மரியாதை. அந்த இடத்துல அடைப்பு வந்தா இழப்பும் பெருசு. ஆனா பக்கத்துல இருக்கிற நரம்பணுக்கள் பழகிப் பழகி அந்த வேலையைக் கத்துக்கும். பழக்கம்னா பத்து தடவை இல்ல. நூறு, ஆயிரம் தடவை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார். அப்பா ரெண்டு நாள் அமுக்கினாக. மூணாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. "இது என்ன, பச்சப் புள்ளையா நானு?"

அக்டோபர்ல பேங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். பணம் எடுக்கணும். கையெழுத்து வராதுன்னதும் கவுண்ட்டர்ல இருந்தவர் நல்ல மனசோடதான் இங்க் பேடை நகர்த்தினார். "பரவால்லங்கய்யா, கைநாட்டு வைங்க." அப்பா அந்த மை டப்பாவைப் பார்த்தாக. ஊர்ல எத்தனை பேர் கைநாட்டுக்குப் பக்கத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆளு. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வெளிய போய் ரிக்‌ஷாவுல உட்கார்ந்துட்டாக. அன்னைக்குப் பணம் எடுக்கல.

அந்த வாரக் கடைசியில ஊருக்கு வந்தப்ப நான்தான் போனைக் கையில கொடுத்தேன். மருத்துவ யோசனை எல்லாம் இல்லைங்க. சும்மா பொழுதுபோகட்டும்னு. வலது கட்டை விரலால மட்டும் அமுக்கணும்னு ஒரு நிபந்தனை போட்டேன். முதல் நாள் கப்பல் மேல போகவே இல்ல, நேரா போய் முதல் எதிரி மேலயே மோதுச்சு. அப்பாவுக்குக் கோபம். கணக்குப்பிள்ளைக்குத் தப்பு பொறுக்காது. திரும்ப ஆரம்பிச்சாக. திரும்பச் செத்தாக. ஒரு ஆட்டம் ஒரு நிமிஷம்கூட வராது, அதனால "இன்னும் ஒண்ணு"ன்னு சொல்றது சுலபம். 3310 கீபேடு வேற கெட்டி. இன்னைக்கு டச் ஸ்கிரீன் மாதிரி தொட்டா போதாது, அமுக்கணும். அந்தக் கெட்டிதான் அப்பா விரலுக்குத் தேவையா இருந்துச்சுன்னு பின்னாடி புரிஞ்சுது. நிஷிகாடோவோட சிப்பு மாதிரிதான் இதுவும்.

இன்னொரு பக்கம் அப்பத்தா. மகன் ஒரு டப்பாவை வச்சுக்கிட்டு டிக்கு டிக்குன்னு அமுக்குறது அவுகளுக்குப் பிடிக்கல. சாமான் அறையில இருந்து மரப் பல்லாங்குழியை இறக்கி, புளியங்கொட்டை போட்டு, "இங்க வா, இதுல ஆடு, அந்தக் கையால அள்ளு"ன்னு உட்கார வச்சாக. குழியில இருந்து முத்தை அள்ளணும்னா அஞ்சு விரலும் குவியணும். ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டுப் போகணும்னா கட்டை விரல் ஒவ்வொரு முத்தையும் தள்ளி விடணும். காலையில பல்லாங்குழி, மதியம் கப்பல். மூணு மாசம்.

பொங்கல் முடிஞ்சு பேங்குக்குப் போனப்ப அப்பா கையெழுத்துப் போட்டாக. கோணல்தான். அழுத்தம் இல்ல. அதுவும் ஃபைல்ல இருந்த பழைய கையெழுத்தோட ஒத்துப்போகல, திருப்பி அனுப்பிட்டாங்க! புது மாதிரிக் கையெழுத்து மூணு இடத்துல வாங்கிக்கிட்டு அப்புறம்தான் பணம் கொடுத்தாங்க. மூணு இடத்துலயும் அப்பாவே போட்டாக.

இதை எழுதினதும் "கேம் விளையாடினா பக்கவாதம் சரியாகும்"னு யாராவது ஃபார்வர்ட் அடிச்சுடாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன். பக்கவாதம் வந்த முதல் சில மாசத்துல மூளை தானாவே நிறைய மீளும். அப்பாவுக்கு எது எவ்வளவு உதவுச்சுன்னு ஒரே ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் ஆய்வு.

ஆய்வும் வந்துச்சு. இவ்ரெஸ்ட்னு பேரு, 2016ல லான்செட் நியூராலஜியில வெளியானது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்துன்னு நாலு நாட்டுல 141 பேர். பக்கவாதம் வந்து மூணு மாசத்துக்குள்ள, கை பலவீனத்தோட இருந்தவங்க. பாதிப் பேருக்கு நிண்டெண்டோ வீ கேம். மீதிப் பேருக்குச் சீட்டு, பிங்கோ, கட்டை அடுக்குற ஜெங்கா, பந்து. ரெண்டு வாரத்துல பத்து அமர்வு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். எல்லாருக்கும் வழக்கமான பிசியோதெரபியும் உண்டு.

ரெண்டு கூட்டமும் முன்னேறினாங்க. வீடியோ கேம் கூட்டம் கூடுதலா ஒண்ணும் ஜெயிக்கல. சீட்டுக் கட்டும் வீயும் சமம்.

இதை முதல்ல படிச்சப்ப எனக்குச் சின்ன ஏமாற்றம். அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. அப்பத்தா புளியங்கொட்டையும் நோக்கியா கப்பலும் டிரா! 2004லயே எங்க வீட்டுத் திண்ணையில நடந்த போட்டிக்கு லான்செட் தீர்ப்பு எழுதியிருக்கு. திரையில இல்ல விஷயம். கை எத்தனை தடவை அசைஞ்சது, ஆளு எத்தனை நாள் சலிக்காம உட்கார்ந்தாருங்கிறதுல இருக்கு.

அந்த வீக்குப் பின்னால ஒரு சைட் ஸ்க்ரோலிங் ஷூட்டர் கதையும் இருக்கு. 2004ல, அப்பா விழுந்த அதே வருஷம், ஜப்பான்ல கென்டா சோங்கிறவர் தனியாளா டுமிக்கி ஃபைட்டர்ஸ்னு ஒரு குட்டி ஷூட்டர் செஞ்சு இலவசமா வெளியிட்டார். புரோகிராமையும் சேர்த்தே கொடுத்துட்டார், யாரும் எடுத்து மாத்திக்கலாம். டுமிக்கின்னா பிள்ளைங்க விளையாடுற மரக்கட்டை. நீங்க சுட்ட எதிரியோட துண்டு கீழ விழும்போது பிடிச்சா அது உங்க கப்பல்லயே ஒட்டிக்கும், ஒட்டின துண்டும் சேர்ந்து சுடும். போன வாரம் அதையும் லேப்டாப்புல இறக்கி விளையாடினேன். அரை மணி நேரத்துல தீர்ந்துபோற கேம். கப்பல் முழுக்கக் குப்பையை ஒட்ட வச்சுக்கிட்டு, தீபாவளிக் கடைத் தட்டு மாதிரி பறக்கும். 2008ல இதையே எடுத்துப் பெருசாக்கி பிளாஸ்ட் வொர்க்ஸ்னு வீயில விட்டாங்க.

மரக்கட்டைன்னதும் எங்களுக்கு வேற ஞாபகம் வரும். பக்கவாதக் கையைச் சோதிக்க ஒரு பரிசோதனை உண்டு, ஒரு அங்குல மரக்கட்டைகளை ஒரு பெட்டியறையில இருந்து இன்னொண்ணுக்கு ஒரு நிமிஷத்துல எத்தனை மாத்துறீங்கன்னு எண்ணுவோம். இவ்ரெஸ்ட் ஆய்விலயும் அது உண்டு.

சரி, இப்போ கேம்னா பெத்தவங்க பயப்படுறாங்களே, அது நியாயமான்னு கேப்பீங்க. நியாயம்தான். என் ஓபியிலயே ராத்திரி மூணு மணி வரைக்கும் விளையாடி, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிற பசங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் "கேமிங் டிஸ்ஆர்டர்"ங்கிறதை ஐசிடி-11 பட்டியல்ல சேர்த்து, 2019 மே மாசம் ஏத்துக்கிட்டு, 2022 ஜனவரி 1ல இருந்து அமலுக்கு வந்துடுச்சு. அதுலயும் நிதானம் இருக்கு. எத்தனை மணி நேரம்னு கணக்கு இல்ல. கட்டுப்பாடு போயிடுச்சா, மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாயிடுச்சா, கெடுதல் வந்தும் நிறுத்த முடியலையா, இது வழக்கமா ஒரு வருஷமாவது தொடருதா. அப்படி இருந்தாத்தான் நோய். பரீட்சைக்கு முந்தின நாள் பையன் விளையாடினான்னு என்கிட்ட சர்டிஃபிகேட் கேக்காதீங்க.

ஆனா ஒரு வித்தியாசத்தை இந்தப் பழைய போனைக் கையில வச்சுக்கிட்டு நல்லாவே பார்க்க முடியுது. ஸ்பேஸ் இம்பாக்ட்டுக்கு உங்க கிட்ட இருந்து எதுவும் வேண்டாம். போன் வித்துடுச்சு, கதை முடிஞ்சது. நாளைக்கு நீங்க திரும்பி வரணும்னு அதுக்குக் கட்டாயம் இல்ல. "உங்க நண்பர் உங்களை முந்திட்டார்"னு நடு ராத்திரியில கூப்பிடாது. அதுக்கு அடுத்த போனான 3330ல வாப் வழியா புது லெவல் இறக்கிக்கலாம்னு 2001லயே கொண்டுவந்தாங்க. இன்னைக்கு இருக்கிற முடிவில்லாத கேம்களோட முதல் கதவு அங்கதான் லேசா திறந்துச்சுன்னு எனக்குத் தோணும். நம்ம ஊர்ல அப்போ வாப்புக்குச் செலவழிக்க யார்கிட்ட காசு இருந்துச்சு, தப்பிச்சோம்.

அப்பா 2011 வரைக்கும் இருந்தாக. மாரடைப்பு. கையெழுத்து கடைசி வரைக்கும் அந்தக் கோணலோடயே இருந்துச்சு. தகரப் பெட்டியில இருக்கிற பத்திரங்கள்ல 2004க்கு முந்தினது எது, பிந்தினது எதுன்னு தேதி பார்க்காமலே பிரிச்சு வச்சுடலாம்.

நான் எட்டாவது லெவலை முடிக்க நாலு நாள் ஆச்சு. கடைசி எதிரியை அடிச்சதும் ஆட்டம் முடிஞ்சு, போன் பழையபடி மெனுவுக்கு வந்து நின்னுடுச்சு. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த என் பொண்ணு, "அப்புறம்பா?"ன்னு கேட்டா. "அப்புறம் ஒண்ணும் இல்ல"ன்னேன். அவளுக்கு அது புரியவே இல்ல. கேம் முடியுறதை அவ பார்த்ததே இல்லையாம்.

அந்தப் போன் இப்போ க்ளினிக்ல என் மேஜை டிராயர்ல இருக்கு. கூடவே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில வாங்கின ஒரு பல்லாங்குழியும். கை பலவீனத்தோட வர்றவங்களுக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்துட்டு, கூடுதலா வீட்டுல எதை வச்சுப் பழகுறீங்கன்னு ரெண்டையும் எடுத்து மேஜை மேல வைப்பேன். ஆம்பளைங்க போனை எடுத்துப் பார்த்துட்டு "அட, இது இன்னும் ஓடுதா?"ன்னு கேக்குறாங்க. ஆச்சிகள் யாரும் அதைத் தொடுறதில்ல. முத்தை எண்ணிப் பார்த்துட்டு, "டாக்டர் தம்பி, இதுல ரெண்டு குறையுதே"ங்கிறாங்க.